வைன் கூலர் வாங்குமுன் அறையை அளந்து பாருங்கள்: மலையக வாசகர் கேள்வி-பதில்

கொழும்புக் கடைகளில் நிற்கும் வைன் கூலர்கள் பெரும்பாலும் கொழும்பு வெக்கையை மனதில் வைத்து இறக்கப்பட்டவை. நமக்கோ கதை வேறு. கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். இரண்டுக்கும் நடுவே சராசரியாக எட்டுப் பாகை வித்தியாசம் உண்டு. ஆகவே ஓர் ஊர்க்காரருக்குச் சொன்ன பதிலை இன்னோர் ஊர்க்காரர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இம்முறை வந்த கேள்விகளில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன்.

நுவரெலியாவில் வீடு. வெளிநாட்டு உறவினர்கள் வரும்போது கொண்டுவரும் வைன் பத்துப் பதினைந்து போத்தல் எப்போதும் வீட்டில் இருக்கும். எந்த அளவு கூலர் வாங்கலாம் ஐயா?

ஒன்றும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். வைனை நீண்ட நாள் வைத்திருக்க 12, 13 பாகை செல்சியஸ் நல்லது. ஆனால் 10க்கும் 16க்கும் இடையில் எங்கே நின்றாலும், அங்கேயே அசையாமல் நின்றால் வைனுக்குப் பெரிய கேடு இல்லை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவில்தான் இருக்கிறது. கொழும்பில் இருப்பவர் காசு கொடுத்து உண்டாக்கும் குளிர் உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது.

கவலைப்பட வேண்டியது ஏற்ற இறக்கத்தைப் பற்றித்தான். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்வெளியில் துகள் பனி உறைகிறது. அதே நாள் மதியம் வெயில் 20 பாகையைத் தொடுகிறது. தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறை இந்த ஆட்டத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். எனவே அதிகூடிய, அதிகுறைந்த அளவுகளை நினைவில் வைத்திருக்கும் வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். வெளிச்சுவரில் ஒட்டாத ஓர் அலுமாரியின் கீழ்த்தட்டில் அதை ஒரு வாரம் விட்டு வையுங்கள். சமையலறைச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அலுமாரி வேண்டாம். வாரம் முழுவதிலும் வித்தியாசம் நாலு பாகைக்குள் நின்றால் அந்த அலுமாரியே போதும். தக்கை போட்ட போத்தல்களைப் படுக்க வையுங்கள். திருகு மூடிப் போத்தல்கள் நின்றாலும் பரவாயில்லை.

வித்தியாசம் அதைவிடக் கூடுகிறது, கூலர் வேண்டும்தான் என்றால், போத்தல் எண்ணிக்கையைப் பார்க்குமுன் ஒரு விஷயத்தைப் பாருங்கள். இயந்திரத்தின் பின்புறத்திலோ உள்சுவரிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் காலநிலை வகுப்பு எழுதியிருக்கும். எஸ்.என். என்றால் அறை 10 முதல் 32 பாகை வரை இருக்கலாம். என். என்றால் 16 முதல் 32. எஸ்.டி. என்றால் 16 முதல் 38. டி. என்றால் 16 முதல் 43. கடைக்காரர் மேல் எண்ணைக் காட்டி, 43 பாகையிலும் ஓடும் என்று பெருமையாகச் சொல்லுவார். உங்களுக்குத் தேவை கீழ் எண். அறை 16 பாகைக்குக் கீழே போனால் எஸ்.டி., டி. வகுப்பு இயந்திரங்கள் சரியாக நடக்கும் என்று தயாரித்தவரே உறுதி தருவதில்லை. நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் எஸ்.என். வகுப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண கூலருக்குக் குளிராக்க மட்டுமே தெரியும். அறை 11 பாகையில் இருக்கும்போது நீங்கள் 16 என்று வைத்தாலும் உள்ளே 11தான் இருக்கும். சிவப்பு வைனை ஆண்டு முழுவதும் 16 பாகையில் வைக்க விரும்பினால், உள்ளே சின்னச் சூடாக்கி உள்ள மொடலாகப் பாருங்கள்.

கண்டியில் 12 போத்தல் கூலர் ஒன்று மலிவாகப் போகிறது. கம்ப்ரசர் இல்லை, சத்தமே வராது என்கிறார்கள். எடுக்கலாமா?

அது பெல்டியர் தகட்டில் இயங்கும் இயந்திரம். மின்சாரம் பாயும்போது தகட்டின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். பிரெஞ்சுக்காரரான பெல்டியர் 1834இல் கண்டறிந்த விளைவு இது. சத்தமும் அதிர்வும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சின்ன இயந்திரங்கள் அறையைவிடப் பத்துப் பதினைந்து பாகைதான் குறைத்துக் காட்டும். கண்டியில் மார்ச், ஏப்ரல் மதியங்களில் வீட்டுக்குள் 30 பாகை இருக்கும். அப்போது உள்ளே 15, 16க்கு மேல் போய்விடும், அதுவும் மூச்சுவிடாமல் ஓடியபடி.

கரண்ட் பில்லையும் பாருங்கள். 70 வாட் இயந்திரம் 24 மணி நேரமும் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 50 அலகு. 85 வாட் கம்ப்ரசர் ஒன்று நாளில் எட்டு மணி நேரம் ஓடினால் 20 அலகுதான் வரும். வீட்டுக் கட்டணம் அலகு கூடக் கூட அடுத்த படிக்கு ஏறுகிறது. அந்த 30 அலகு உங்களை மேல்படிக்குத் தள்ளிவிட்டால், மலிவாக வாங்கிய காசை பில்லில் கட்டுவீர்கள். கண்டிக்கும் மாத்தளைக்கும் கம்ப்ரசர்தான். ஹட்டன், தலவாக்கலை, வெலிமடைப் பக்கம் படுக்கையறையில் வைக்கிறவருக்கு மட்டும் பெல்டியர் நல்ல தேர்வு.

எல்லவில் சிறிய உணவகம் நடத்துகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர். வைன் அனுமதிப்பத்திரம் இப்போதுதான் கிடைத்தது. எப்படிப்பட்ட கூலர் போட வேண்டும்?

முதலில் எண்ணிக்கை. பெட்டியில் 46 போத்தல் என்று போட்டிருந்தால், அது தோள் உயர்ந்த ஒல்லியான போர்தோ வடிவ 750 மில்லிலீற்றர் போத்தல்களை வைத்து எண்ணியது. வயிறு பருத்த பர்கண்டி, ஷாம்பெய்ன் போத்தல்கள் கலந்தால் நாலில் ஒரு பங்கு இடம் போய்விடும். உங்கள் கையிருப்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலான அளவை எடுங்கள். தட்டுகளை முழுமையாக வெளியே இழுக்க முடிகிறதா என்று கடையிலேயே போத்தல் வைத்து இழுத்துப் பாருங்கள். பாதியில் நிற்கும் தட்டு என்றால், ஒவ்வொரு ஓடருக்கும் பையன் கதவைத் திறந்தபடி பின்வரிசையில் துழாவிக்கொண்டு நிற்பான்.

உணவகத்துக்கு இரண்டு வலயம், அதாவது வெவ்வேறு குளிரில் வைக்கக்கூடிய இரண்டு பகுதி, உள்ள கூலர் அவசியம். வெள்ளை வைன் 8 முதல் 12 பாகைக்குள் மேசைக்கு வர வேண்டும், சிவப்பு 14 முதல் 18க்குள். ஸ்பார்க்ளிங் 6 முதல் 8 என்றாலும் அதற்காகத் தனி வலயம் வேண்டாம். வெள்ளை வலயத்திலிருந்து எடுத்து, பாதி ஐஸ் பாதித் தண்ணீர் நிரப்பிய வாளியில் பத்து நிமிடம் வைத்தால் இறங்கிவிடும். வெறும் ஐஸ் போடாதீர்கள், தண்ணீர் சேர்ந்தால்தான் போத்தலைச் சுற்றிக் குளிர் ஒட்டும். இதைப் பரிமாறுகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். கூலருக்குள் சூடான போத்தலை வைத்து அரை மணியில் குளிராகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அன்றைக்கு வந்த சரக்கை இரவு கடை மூடிய பிறகு ஏற்றுங்கள், மறுநாள் மதியத்துக்குத் தயாராக இருக்கும்.

எல்லவில் இரவு குளிர்ந்தாலும் பகலில் 27, 28 பாகைக்கு ஏறும். பீட்சா அடுப்புக்கும் கோப்பி மெஷினுக்கும் பக்கத்தில் இன்னும் கூடும். ஆகவே கம்ப்ரசர் உள்ளதாக, உள்ளே காற்றைச் சுழற்றும் விசிறி உள்ளதாக எடுங்கள். கதவு அடிக்கடி திறபடும் இடத்தில் விசிறி இல்லாத கூலரின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் வெகு வித்தியாசம் வந்துவிடும். கண்ணாடி இரட்டையாக, புற ஊதாக் கதிரைத் தடுப்பதாக இருக்க வேண்டும். மலையைப் பார்த்த சாப்பாட்டு அறையில் மாலை வெயில் நேராக விழும். வெளிச்சம் பட்ட வெள்ளை வைனில், முக்கியமாக நிறமில்லாத கண்ணாடிப் போத்தலில் இருப்பதில், அவித்த கோவா போன்ற வாடை வந்துவிடும்.

பூட்டு உள்ளதாகவும் பாருங்கள். போயா தினத்தில் மது விற்கக் கூடாது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்நாளும் கூடாது. பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொண்டால் புதிதாக வந்த வேலையாளுக்கும் தடுமாற்றம் இல்லை. அப்புறம், உத்தரவாதப் பத்திரத்தை வரி வரியாக வாசியுங்கள். வீட்டுப் பாவனைக்கு மட்டும் என்றிருக்கும் இயந்திரத்தை உணவகத்தில் வைத்தால், பழுதாகும் நாளில் அந்தப் பத்திரம் செல்லாது.

அண்ணா, ஹட்டனுக்கு மேலே தோட்டத்துப் பக்கம் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறேன். மாலையானால் வோல்டேஜ் விழுகிறது. மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். கூலர் தாங்குமா?

தாங்க வைக்கலாம் தங்கச்சி. மின்சார லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை ஆறரை முதல் பத்தரை வரைதான் வோல்டேஜ் அதிகம் விழும். அந்த நேரத்தில் கம்ப்ரசர் கிளம்ப முயன்று, முடியாமல் உறுமி நிற்கும். அதைப் பலமுறை செய்தால் சுருள் எரியும். பிரிட்ஜுக்கென்று விற்கும் ஸ்டெபிலைசர் ஒன்று போடுங்கள். கரண்ட் வந்த பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் தாமதித்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் வகையாக அது இருக்கட்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மெதுவாகக் கிளம்புவதால் உங்கள் ஊருக்கு அது பொருத்தம்.

கரண்ட் போனால் பதற வேண்டாம். கதவைத் திறக்காதீர்கள், அவ்வளவுதான். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு இருந்தபோதுகூட மலையகத்தில் கூலருக்குள் இருந்த வைனுக்கு ஆபத்து வரும் அளவுக்கு வெக்கை இல்லை. நிறைய போத்தல் இருந்தால் குளிர் இன்னும் தாங்கும். மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்னலுக்கு ஸ்டெபிலைசர் காப்பு இல்லை.

ஹப்புத்தளையில் பழைய துரை பங்களாவை விடுதியாக மாற்றுகிறோம். சாப்பாட்டு அறையில் பயர்பிளேஸ் பக்கத்து அலுமாரிக்குள் கூலரைப் பதிக்க தச்சுவேலை பாஸிடம் சொல்லியிருக்கிறோம். சரிதானே?

பாஸை இன்றே நிறுத்துங்கள். இதே மாதிரி வைத்த ஒரு கூலரைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்தகட்டில் கை வைக்க முடியவில்லை. கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மேல்வரிசைப் போத்தல்களில் தக்கை வாயை விட்டு இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெளியே தள்ளியிருந்தது. உறையைச் சுற்றிப் பிசுபிசுவென்று சிவப்புக் கோடு. சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளியதற்கு அடையாளம் அது. அந்த வரிசையில் காற்றும் புகுந்துவிட்டது.

பதிப்பதானால் காற்று முன்பக்கம் அடியில் வந்து போகும் மொடல்தான் எடுக்க வேண்டும். பின்பக்கம் சூட்டை விடும் கூலரை அலுமாரிக்குள் அடைக்கக் கூடாது. அதற்குப் பின்னால் குறைந்தது 10 சென்றிமீற்றர் இடம் வேண்டும். பயர்பிளேஸுக்கு எதிர்ச்சுவரில், நேர் வெப்பம் படாத மூலையில் வையுங்கள். பங்களாக்களில் சமையலறையை ஒட்டிப் பழைய சாமான் அறை ஒன்று இருக்கும், கருங்கல் சுவரும் சின்ன சன்னலுமாக. என்னைக் கேட்டால் கையிருப்பை அங்கே வைத்து, விருந்தினர் கண்ணில் படும் இடத்துக்கு 18 போத்தல் கூலர் ஒன்று மட்டும் போடுவேன்.

பிளக்கையும் கவனியுங்கள். பங்களாவின் பழைய உருண்டை முள் பிளக்குகளில் எர்த் வயர் சரியாக வேலை செய்கிறதா என்று மின்வேலைக்காரர் சோதித்த பிறகு இணையுங்கள்.

கூலரில் இருந்த வெள்ளை வைனின் அடியில் கண்ணாடித் தூள் போல ஏதோ படிந்திருக்கிறது. கொட்டிவிடவா?

வேண்டாம். அது திராட்சையில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பு. குளிரில் படிகமாகிக் கீழே இறங்குகிறது. குடித்தாலும் தீங்கில்லை. போத்தலைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்து, கடைசி வாயளவை விட்டுவிட்டு மெதுவாக ஊற்றுங்கள்.

மழைக்காலத்தில் கூலர் கண்ணாடியில் நீர் வழிகிறது, லேபிள்களில் பூஞ்சணம். உள்ளே ஈரத்துக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கச் சொல்லி வாசித்தேனே? (பண்டாரவளை)

அந்த ஆலோசனை வறண்ட நாடுகளுக்கு. தக்கை காயாமல் இருக்க 60, 70 வீத ஈரப்பதம் போதும், நம் வீடுகளில் மழைக்காலத்தில் அதைவிடக் கூடவே இருக்கிறது. கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு துண்டுக் கடதாசியைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை. சுடுதண்ணீரில் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுத்து, ரப்பரை இழுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். கம்ப்ரசருக்கு மேலே உள்ள நீர்த்தட்டையும் மாதம் ஒருமுறை பாருங்கள். குளிரூரில் கம்ப்ரசர் குறைவாக ஓடுவதால் அந்தத் தண்ணீர் வற்றாமல் நிரம்பி நிற்கும்.

கனடாவில் இருக்கும் தம்பி ஒன்று அனுப்பவா என்கிறான்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் வோல்டேஜை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. கட்டாரிலிருந்தோ டுபாயிலிருந்தோ வருவதென்றால் மின்சாரம் பொருந்தும். ஆனால் அவை வெக்கை நாட்டுக்கு வருபவை, வகுப்பைப் பாருங்கள்.

அம்பேவல சீஸும் சொக்லட்டும் வைக்கலாமா?

சொக்லட் வைக்கலாம், இறுக மூடிய டப்பாவில். சீஸ் வேண்டாம். 12 பாகை உணவைப் பாதுகாக்கும் குளிர் அல்ல, அதன் வாடையும் கூலருக்குள் நிலைத்துவிடும்.

பதுளையில் ஹோட்டல் ஒன்று மூடுகிறார்கள், பாவித்த கூலர் விற்பனைக்கு. எப்படிச் சோதிப்பது?

ஓடும் நிலையில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். சென்றதும் ஒரு போத்தல் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, கூலரை 12இல் போட்டு, மறுநாள் காலை வரை விடச் சொல்லுங்கள். கதவில் ஒளிரும் எண்ணை நம்பாமல், அந்தத் தண்ணீருக்குள் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் விலையைக் குறைக்கக் கேளுங்கள், நாலு பாகை வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தகட்டில் குளிரூட்டும் வாயு ஆர்.600ஏ என்றிருந்தால் அது எரியக்கூடியது. முன்பு வாயு நிரப்பியிருக்கிறார்களா, குழாயில் புதிதாக ஒட்டிய இடம் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். லொறியில் நிமிர்த்தியே ஏற்றி, இருபுறமும் கட்டிக் கொண்டுவாருங்கள். வழியில் சாய்க்க நேர்ந்திருந்தால் வீட்டில் ஒரு நாள் நிமிர்த்தி வைத்த பிறகே பிளக்கைப் போடுங்கள்.