மிருக வைத்தியரிடம் கேளுங்கள்: கடுவன் நாய்க்கு எந்த மயக்க ஊசி?

கேள்வி: வணக்கம் டொக்டர். எங்கள் பக்கம் நடந்த கருத்தடை முகாமில் எங்கள் கடுவன் நாயை நலமடித்தோம். ஊசி போட்டதும் சத்தி எடுத்தான், பிறகு கண்ணைத் திறந்தபடியே கிடந்தான், பின்னேரம் வரை ஒழுங்காக எழும்பவில்லை. கொழும்பில் இருக்கும் மச்சாள் தன்னுடைய நாய் செய்து முடிந்த கையோடு எழும்பி நடந்தது என்கிறா. எங்களுக்கு மட்டும் மலிவு மருந்தா? அடுத்த நாய்க்கு எதைப் போடச் சொல்லிக் கேட்பது?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெரும்பாலும் சைலசினும் கெற்றமினும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம், நீங்கள் கண்ட மூன்றுமே அந்த மருந்துகளின் குணம். சைலசின் போட்டால் நிறைய நாய்கள் சத்தி எடுக்கும், அதனால்தான் முதல் நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்தச் சொல்கிறோம். கெற்றமின் மூளைக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பைத்தான் அறுக்கிறது, வழமையான நித்திரை மாதிரி இல்லை, ஆகவே கண் மூடாது. அப்படியே விட்டால் கண் காய்ந்து புண்ணாகும் என்பதால் களிம்பு பூசுவோம். கெற்றமினைத் தனியாகப் போட்டால் தசை விறைத்துப்போகும், சில நாய்களுக்கு வலிப்பும் வரும், அதற்காகத்தான் சைலசினைத் துணைக்குச் சேர்ப்பது. இரண்டையும் தசையிலேயே போடலாம், ஒக்சிசன் மெஷின் இல்லாத ஒரு பொதுநோக்கு மண்டபத்திலும் வேலை செய்யலாம், விலையும் குறைவு. குறை என்னவென்றால், சைலசின் இதயத் துடிப்பை நன்றாகக் குறைக்கும், எழும்பவும் நேரம் எடுக்கும்.

மச்சாளின் நாய்க்கு மெடெற்றோமிடின் வகை மருந்து போட்டிருக்கலாம். இது சைலசினின் சொந்தக்கார மருந்துதான், ஆனால் ஆள் கெட்டி. இதோடு கொஞ்சம் கெற்றமினும், வலிக்குப் பியூற்றோர்பனோலும் சேர்த்து ஒரே ஊசியில் கொடுத்தால் நாய் அமைதியாகச் சாயும். வேலை முடிந்ததும் அற்றிபமெசோல் என்ற முறிப்பு மருந்தைப் போட்டால் பத்து நிமிடம் அளவில் தலையைத் தூக்கும். பார்க்க நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் முறிப்பு மருந்து மயக்கத்தோடு சேர்த்து மெடெற்றோமிடின் தந்த வலி நிவாரணத்தையும் கழற்றிவிடும், கெற்றமினை அது தொடாது. அவசரப்பட்டு நேரத்தோடு போட்டால் கெற்றமின் மட்டும் உடம்பில் நின்று நாய் உதறிக் கத்தும். ஆகவே கெதியாக எழும்புவதை மட்டும் வைத்து நல்ல மருந்து என்று சொல்ல ஏலாது.

சொலெற்றில் என்று ஒன்றும் இருக்கிறது, கெற்றமின் வகையான ரிலெற்றமினும், அமைதிப்படுத்தும் சொலசெபாமும் கலந்தது. சின்ன அளவே போதும், பிடிக்க முடியாத தெருநாய்க்கு வசதி. ஆனால் நாயின் உடம்பில் சொலசெபாம் முதலில் போய்விடும், ரிலெற்றமின் பின்தங்கும், அதனால் தெளியும்போது கால் அடிப்பதும் ஊளையிடுவதும் கூட. பூனையில் இது மறுவளம், அங்கே அமைதியாகத் தெளியும். புரொபஃபோல் நரம்பில் போடுவது, ஒரு நிமிடத்துக்குள் நித்திரை, தெளிவதும் சுத்தமாக இருக்கும், ஆனால் மூச்சு நின்றுவிடக்கூடும், வலிக்கு ஒன்றும் செய்யாது. தொண்டைக்குழாயும் ஒக்சிசனும் கையில் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

சரி, எதைக் கேட்பது? மருந்தின் பெயரைக் கேட்காதீர்கள். "விதைக்குள் லிக்னோகெயின் மரக்க ஊசி போடுவீங்களா, வலிக்கு வேறு என்ன குடுப்பீங்க" என்று கேளுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். அசையாமல் கிடக்கும் நாய்க்கு வலியில்லை என்று அர்த்தமில்லை. விதைநாளத்தை இழுத்துக் கட்டும் அந்த நேரத்தில் மரக்கச் செய்யாத நாயின் மூச்சு சட்டென்று வேகமெடுக்கும், சில நாய் பின்னங்காலை இழுக்கும். ஒவ்வொரு விதைக்குள்ளும் அளவாக லிக்னோகெயின் போட்டுச் சில நிமிடம் பொறுத்தால் அந்தத் துள்ளல் அநேகமாக இல்லை, மயக்க மருந்தும் குறைவாகவே போதும். மலிவான மருந்து, முல்லைத்தீவு முகாமிலும் போடலாம், கொழும்புக் கிளினிக்கிலும் போடலாம். இதைப் போட்ட சைலசின் கெற்றமின், இதைப் போடாத விலை கூடிய கலவையைவிட எனக்கு நல்லது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நிழலில் ஒரு பக்கமாகக் கிடத்துங்கள், கழுத்து நேராக, மூக்குக்குக் கீழே சாக்கு மடிந்து அடைக்காமல். பல் முரசு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று இடைக்கிடை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். தானாக நிமிர்ந்து படுக்கும்வரை தண்ணீர் வேண்டாம், புரையேறும். பனடோல், புரூபன் குளிசைகளை உங்கள் யோசனையில் கொடுக்கவே வேண்டாம், நாய்க்கென்று வைத்தியர் தரும் மருந்து மட்டும்.

கேள்வி: எங்கள் பட்டியில் நாம்பன்களுக்கு மயக்கம் இல்லாமல்தான் அந்தக் காலத்தில் நலமடித்தோம். நாய்க்கும் பிடித்துக் கட்டிவிட்டுச் செய்தால் என்ன?
- வாசகர், துணுக்காய்

பதில்: செய்யாதீர்கள். நாம்பனுக்கும் அது தாங்க முடியாத வலிதான், வேறு வழி இல்லாத காலத்தில் செய்தார்கள். இன்றைக்கு நாம்பனுக்கே மரக்க ஊசி போட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது என் நிலைப்பாடு. நாயைக் கட்டிப்போட்டு வெட்டினால் இரத்தப் பெருக்கில் செத்துப்போகலாம், அதோடு விலங்குகளைக் கொடுமைப்படுத்துவது 1907ஆம் ஆண்டுச் சட்டப்படியே இந்த நாட்டில் குற்றம்.

கேள்வி: என் நாய்க்கு உடம்பெல்லாம் உண்ணி, கொஞ்சம் மெலிவு. முகாமுக்குக் கொண்டுபோகலாமா?
- வாசகர், விசுவமடு

பதில்: முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். வன்னியில் மாட்டுப் பட்டியைச் சுற்றித் திரியும் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் இருந்தும் வெளியே தெரியாது. உண்ணி பரப்பும் கிருமிகளில் பபேசியா இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், எர்லிச்சியா இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும். வெளிறிய முரசோடு வரும் நாய்க்குச் சைலசின் போட எனக்கு மனம் வராது. இரத்தம் சோதித்து, மருந்து கொடுத்து, தேறிய பிறகு செய்யலாம், அவசரம் ஒன்றுமில்லை. அந்த நேரம் நிறையையும் நிறுத்துப் பாருங்கள், மருந்தின் அளவு அதை வைத்துத்தான், "ஒரு பதினைஞ்சு கிலோ இருக்கும்" என்ற மதிப்பு பிழைத்தால் நாய்க்குத்தான் கேடு.

கேள்வி: நலமடித்தால் தோட்டத்துக்கு வரும் பன்றியைக் கலைக்காமல் படுத்துவிடுமா?
- வாசகி, அக்கராயன்

பதில்: இல்லை. காவல் குணம் அப்படியே இருக்கும். பெட்டை நாய்க்குப் பின்னால் ஊர் சுற்றுவதுதான் குறையும். ஒன்று மட்டும், குழாயில் மிஞ்சிய விந்து கொஞ்ச நாள் உயிரோடு இருக்கும், ஒரு மாதத்துக்காவது பெட்டை நாய்களோடு விடாதீர்கள்.