பிங் போகிறது, கன்ட்ரோலர் மட்டும் சிவப்பு

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்க்கிறேன். ஒரு வாரமாக மானிட்டரிங் திரையில் வைஃபை கன்ட்ரோலர் (வைஃபை பெட்டிகளையெல்லாம் மேய்ப்பது) சிவப்பாகவே நிற்கிறது. ஆனால் வைஃபை ஓடுகிறது, பிங்கும் போகிறது. மேனேஜர் கன்ட்ரோலரையே மாற்றச் சொல்கிறார். என்ன செய்ய, சார்?
வாசகர், அம்பத்தூர்

பதில்: மேனேஜரை நாலு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். பிங், அதாவது ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்ப்பது, போவது ஐசிஎம்பி என்ற நெறிமுறை வழியாக. மானிட்டரிங் கேட்பதோ எஸ்என்எம்பி என்ற வேறு நெறிமுறையில், யுடிபி 161-ஆம் போர்ட்டில். இது போனால் அதுவும் போகும் என்று கணக்கில்லை.

கன்ட்ரோலரிடம் நீங்களே நேரே கேளுங்கள். எஸ்என்எம்பிகெட் கட்டளை, வெர்ஷன் 2சி, உங்கள் கம்யூனிட்டி (கடவுச்சொல் மாதிரி), கன்ட்ரோலர் ஐபி, கடைசியில் 1.3.6.1.2.1.1.3.0 என்ற ஓஐடி (எந்த விவரம் வேண்டும் என்று சொல்லும் எண்). எவ்வளவு நேரமாக ஓடுகிறேன் என்று அது சொல்லும். இதை மானிட்டரிங் சர்வரில் உட்கார்ந்துதான் அடிக்க வேண்டும். கிண்டியில் ஓர் அலுவலகத்தில் நான் என் லேப்டாப்பிலிருந்து அடித்தேன். பதில் பளிச்சென்று வந்தது. சரி, மென்பொருளில்தான் கோளாறு என்று அதை விடிய விடியக் குடைந்தேன். காலையில் டீயோடு வந்த ஜூனியர் பையன், "சர்வர் ஐபிய போன வாரம் மாத்தினோமேண்ணா" என்றான். கன்ட்ரோலரின் அனுமதிப் பட்டியலில் எங்கள் லேப்டாப் நெட்வொர்க் இருந்தது. சர்வருக்குப் பழைய ஐபியே கிடந்தது.

டைம்அவுட் (நேரத்துக்குள் பதில் இல்லை) வந்தால் கன்ட்ரோலர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2சி-யில் கம்யூனிட்டி ஓர் எழுத்து பிசகினாலும் அது "தப்பு" என்று சொல்லாது, வாயை மூடிக்கொள்ளும். கம்யூனிட்டியில் டாலர் குறி இருந்தால் கட்டளையை வாங்கும் ஷெல்லே அதை விழுங்கிவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். "நோ சச் ஆப்ஜெக்ட்" வந்தாலோ சந்தோஷப்படுங்கள். போக வர வழி சரி, கேட்ட ஓஐடிதான் அங்கே கிடைக்கவில்லை.

பதில் வந்தும் சிவப்பு போகவில்லையா? அப்புறம் ஆக்ஸஸ் பாயின்ட் (வைஃபை கொடுக்கும் பெட்டி) பட்டியலை, வரிசையாகக் கேட்கும் எஸ்என்எம்பிவாக் கட்டளை போட்டுப் பாருங்கள். பழைய சிஸ்கோ கன்ட்ரோலர் என்றால் 1.3.6.1.4.1.14179.2.2.1.1.3, பெயர்கள் வரிசையாக வரும். (1.3.6.1.4.1-க்கு அடுத்து வருவது கம்பெனி எண். சிஸ்கோவின் எண் 9 ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம். 14179 ஏர்எஸ்பேஸ் கம்பெனியுடையது; 2005-இல் சிஸ்கோ அதை வாங்கியது.) பட்டியல் பாதியில் நின்றால் டைம்அவுட்டை 5 நொடியாக்குங்கள். கட்டளையில் தானாக இருப்பது 1 நொடிதான், வேலை மும்முரத்தில் இருக்கும் கன்ட்ரோலருக்கு அது பற்றாது. முழுப் பட்டியலும் வந்துவிட்டால் மானிட்டரிங் மென்பொருளிலும் அதே 5-ஐப் போட்டுவிட்டு, மேனேஜரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுங்கள்.