பழைய அரத்தில் லேத் டூல் செய்யலாமா?

கேள்வி: வீட்டில் இருக்கும் சின்ன லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) வெட்டும் டூல்கள் தேய்ந்துவிட்டன. எங்கே வாங்கலாம்? பழைய அரத்தில் செய்தால் சரிவருமா?

அரம் என்றதும் சும்மா கடந்துபோக முடியவில்லை, ஒருமுறை அதனால் அவமானப்பட்டவன் நான். புதுக்குடியிருப்பில் வீட்டுக்குப் பின்னால் லேத் வைத்திருக்கிறேன். வாட்டர் பம் சாஃப்ட் (சுழலும் தண்டு), லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தின் புஷ் (தண்டு சுழலும் வளையம்), இவைதான் வேலை. உங்களுடையதும் மோட்டரில் ஓடும் சீன லேத் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

தொண்ணூறுகளில், போரால் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், ஐயா அரத்தில்தான் டூல் செய்தார். கம்மாலையில் (கொல்லுலையில்) காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, அடித்து, தோய்த்து, பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடு காட்டுவார். அதை நம்பி நானும் செய்தேன். 25 மி.மீ. சாஃப்ட், நிமிடத்துக்கு 600 சுற்று. வேலை கொண்டுவந்த ஆள் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரே இழுவையில் முனை நீலமாகிவிட்டது. அடுத்த இழுவையில் வெட்டவில்லை, உரசிக் கத்தியது. ஐயாவின் லேத் காலால் மிதித்து மெல்ல ஓட்டுவது என்பதை நான் யோசிக்கவில்லை. அரத்து உருக்கு 250 பாகை செல்சியஸ் தாண்டினாலே பதம் இழக்கத் தொடங்கும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) என்ற உருக்கு 600 பாகை வரை தாக்குப்பிடிக்கும்.

அப்புறம் மலிவான காபைட் டூல் செட் வாங்கினேன். காபைட் மிகக் கடினம், ஆனால் அடி தாங்காது. சாவிக்குழி என்ற நீளப் பள்ளம் வெட்டிய சாஃப்டில் தட்டித் தட்டி முதல் நாளே முனை உதிர்ந்தது. தீட்ட பச்சைக் கல் வேண்டும், சாதாரண சாம்பல் கல் அதைத் தின்னாது.

கடைசியில் கைகொடுத்தது ஒரு பட்டறையில் எறிந்துகிடந்த பவர் ஹாக்சோ பிளேட், அதாவது இரும்பு அறுக்கும் இயந்திர வாளின் அலகு. எல்லாம் சரிவராது. கிரைண்டரில் பிடித்துப் பொறியைப் பாருங்கள். மஞ்சளாக வெடித்துச் சிதறினால் காபன் உருக்கு. மங்கிய செம்மஞ்சளாக, வெடிக்காமல் நூல்போல் போனால் எச்.எஸ்.எஸ். பல்லில் மட்டுமல்ல, முதுகிலும் பாருங்கள், சிலதில் பல் மட்டும்தான் நல்ல உருக்கு. நான் இரண்டு இரும்புப் பட்டைக்கு நடுவே இறுக்கி, முன்பக்கம் 8 பாகை அளவில் சாய்வு தீட்டினேன். அறுத்துத் துண்டாக்க இதைவிட நல்ல டூல் என்னிடம் இல்லை.

எந்த டூலானாலும் முனையின் உயரம் முக்கியம். மெல்லிய ஸ்டீல் ரூலரை டூல் முனைக்கும் லேத்தில் பூட்டிய கம்பிக்கும் நடுவே மெதுவாக நெரித்துப் பாருங்கள். நேராக நின்றால் சரி. ரூலரின் மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு, அடியில் தகடு வையுங்கள்.

பொறியியல் படித்த தம்பிமார் கோணக் கணக்கோடு வருவார்கள். வரட்டும். நான் மைக்ரோன் பார்ப்பவன் இல்லை, பம் ஓடினால் போதும். காசு கொடுத்து வாங்குவதென்றால் கொழும்பு பழைய சோனகத் தெருவில் எச்.எஸ்.எஸ். சதுரக் கட்டை என்று கேளுங்கள். 8 மி.மீ. வாங்கினால் உங்களுக்குக் காணும்.

என்னைக் கேட்டால் டூல் தேடுவது பெரிய பாடில்லை, கூலி வாங்குவதுதான். காலபோக நெற்செய்கைக்குப் பம் கொண்டுவரும்போது "அண்ணை, இண்டைக்கே வேணும்" என்பார்கள். காசு மட்டும் "அருவி வெட்டினாப்பிறகு", அதாவது நெல் அறுவடை முடிந்து. அந்த நீல முனையைப் பார்த்துச் சிரித்தவரும் இரண்டு போகமாக இந்தப் பக்கம் வரவில்லை.