கடை பிராண்டு ஜாம், சாஸ் வாங்குனா நெசமாவே மிச்சம் பிடிக்க முடியுமா?

கேள்வி: அண்ணா, நான் தக்கலை பக்கம் இருக்கேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறாரு, நான் ஒரு துணிக்கடையில பில்லிங்ல இருக்கேன், ரெண்டு பேர் வருமானமும் சேர்ந்து மாசம் 34,000 வரும். ரெண்டு புள்ளைங்க, எட்டு வயசும் பதினொண்ணும், தோசைக்குக்கூட சாஸ் கேக்குதுங்க. மாசாமாசம் ஜாம் 190, தக்காளி சாஸ் 150, மயோனைஸ் 95, பீனட் பட்டர் 180, சாக்லேட் ஸ்ப்ரெட் 399, தேன் 240, மொத்தம் 1,254 ரூபா ஆகுது. நாங்க போற சூப்பர் மார்க்கெட்ல அவங்க சொந்த பிராண்டுலயே இது எல்லாம் இருக்கு, அதே வரிசையில 120, 95, 65, 130, 239, 165. கூட்டுனா 814தான், அப்போ 440 மிச்சம். அதை போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில போடலாம்னு இருக்கேன். ஆனா மாமி, விலை கொறஞ்ச சாமானை வாங்கிக் குடுத்து புள்ளைங்க வயித்தைக் கெடுக்காதேன்னு சொல்றாங்க. இன்னொண்ணு, போன வருஷம் நகை வச்சு 40,000 எடுத்தோம், ஒன்றரை வட்டி, மாசம் 600 வட்டி மட்டும் கட்டிட்டு வர்றோம். என்ன பண்ணலாம்?

பதில்: தங்கச்சி, கடைசியா போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே நகைக்கடன்னு, இந்தக் கேள்வியிலயே பெரிய விஷயம் அதுதான். சாமானை மாத்தலாம், தாராளமா மாத்தலாம், ஆனா ஆறையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, தேனை மாத்தவே வேண்டாம், மிச்சமாகுற காசை ஆர்டியில போடாம நகைக்கடன் அசல்ல கட்டுங்க. ஒவ்வொண்ணா சொல்றேன்.

மாமி பயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அவங்க பயம் தப்புன்னு தள்ளிட முடியாது, வீட்ல பெரியவங்க சம்மதம் இல்லாம வாங்குன பாட்டில் அலமாரியிலயே கெடந்து வீணாத்தான் போகும். கடை பிராண்டு விலை கொறையுறதுக்கு முக்கிய காரணம், அதுக்கு டிவி விளம்பரச் செலவு இல்ல, டிஸ்ட்ரிபியூட்டர், சேல்ஸ்மேன்னு நடுவுல கமிஷனும் இல்ல, அவங்க கடையிலயே அவங்க ஷெல்ஃப்லயே விக்கிறாங்க. பெரும்பாலும் கடைக்காரங்க சொந்தமா தயாரிக்கிறதும் இல்ல, வேற ஒரு ஃபேக்டரியில செஞ்சு வாங்கி அவங்களோட லேபிளை ஒட்டுறாங்க. லேபிள் பின்னாடி யார் தயாரிச்சது, யார் விக்கிறதுன்னு தனித்தனியா போட்டிருக்கும், உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கிற மத்திய அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐயோட 14 இலக்க லைசென்ஸ் நம்பரும் இருக்கும். அந்த நம்பர் இல்லாத பாட்டில் எவ்வளவு விலை கொறஞ்சாலும் வேண்டாம்.

அதுக்காக விலை கொறஞ்சது எல்லாம் அதே சாமான்தான்னும் நான் சொல்ல மாட்டேன். சில நேரம் விலை கொறையுறதுக்கு உள்ள இருக்கிற சரக்கு கொறஞ்சதும் காரணமா இருக்கும், அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. சாஸ் பாட்டிலைத் திருப்புங்க. எது எடையில அதிகமோ அது முதல்ல, கொறஞ்சது கடைசியிலன்னு வரிசையா சேர்மானத்தைப் போடணும்ங்கிறது சட்டம். ஒரு பாட்டில்ல தண்ணி, தக்காளி பேஸ்ட், சர்க்கரைன்னு வரும், தக்காளி பேஸ்ட் எத்தனை சதவீதம்னும் பக்கத்துல போட்டிருப்பாங்க. இன்னொரு பாட்டில்ல தண்ணி, சர்க்கரை, அப்புறம்தான் தக்காளி, அதுக்கடுத்து ஸ்டார்ச்சுன்னு வரும், 1422ன்னு நம்பர் போட்டு இருந்தாலும் அது ஸ்டார்ச்தான், கெட்டியாத் தெரியுறதுக்காகப் போடுறது. கடை பிராண்டோ கம்பெனி பிராண்டோ, முதல்ல சொன்ன மாதிரி இருந்தா எடுங்க, ரெண்டாவது மாதிரி இருந்தா 55 ரூபா மிச்சத்துக்காக எடுக்காதீங்க. 211ன்னு இருக்கிறது சோடியம் பென்சோயேட், கெட்டுப் போகாம இருக்க அனுமதிச்ச அளவுல போடுறது, பெரிய பிராண்டுலயும் இருக்கும், அதைப் பாத்து மாமி பயப்பட வேண்டாம்.

ஜாம் விஷயத்துல மாமிகிட்ட தெம்பாவே பேசலாம். ஜாம்னு பேர் போட்டு விக்கணும்னா பழம் 45 சதவீதமாவது இருக்கணும், ஸ்ட்ராபெரி, ராஸ்பெரின்னா 25, இது கடை பிராண்டுக்கும் பெரிய கம்பெனிக்கும் ஒரே சட்டம். கரைஞ்ச திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் கொறையக்கூடாதுன்னும் இருக்கு, அதுல பெரும்பங்கு சர்க்கரைதான். அப்போ 190 ரூபா ஜாமும் இனிப்புதான், 120 ரூபா ஜாமும் இனிப்புதான், விலை கூடுனதால புள்ளைங்க உடம்புக்கு ஒண்ணும் கூடப் போறதில்ல. ஒண்ணு மட்டும் கவனிங்க, சில பாட்டில்ல ஜாம்னு போடாம ஃப்ரூட் ஸ்ப்ரெட்னு போட்டிருப்பாங்க, அதுல பழம் எத்தனை சதவீதம்னு பாத்துட்டு எடுங்க.

பீனட் பட்டர்ல வேர்க்கடலை எத்தனை சதவீதம், பாம் ஆயில் இருக்கா, சர்க்கரை எவ்வளவு, இந்த மூணுதான். வேர்க்கடலை மட்டும் இருக்கிறதுல மேல எண்ணெய் மெதக்கும், அது கெட்டுப் போனதுன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க, கலக்கிட்டா சரியாப் போயிடும். மட்டிப்பழத்தை நறுக்கி அது மேல கொஞ்சம் தடவிக் குடுத்துப் பாருங்க, கொள்ளாம்னு புள்ளைங்களே சொல்லும். மயோனைஸ்ல பெரும்பகுதி எண்ணெய்தான், முட்டை இல்லாததா பாத்து கடை பிராண்டே எடுங்க, திறந்ததும் ஃப்ரிட்ஜ்ல வைங்க. 2025 ஏப்ரல் 8ல இருந்து ஒரு வருஷத்துக்கு நம்ம தமிழ்நாடு அரசு தடை பண்ணுனது பச்சை முட்டையில செய்யுற மயோனைஸை, பாக்கெட்ல வர்ற முட்டையில்லாததை இல்ல, இதையும் மாமிகிட்ட சொல்லிடுங்க.

தேனை ஏன் மாத்த வேண்டாம்னு சொன்னேன்னா, சாஸ்ல லேபிளைப் படிச்சா விஷயம் தெரியும், தேன்ல சேர்மானம்னு ஒரே வார்த்தைதான் இருக்கும், தேன். அதுல பாகு கலந்திருக்கான்னு லேபிளும் சொல்லாது, தண்ணியில விட்டுப் பாக்குறது, திரியில நனைச்சுக் கொளுத்திப் பாக்குறது எதுவும் நம்பகமில்ல. உறைஞ்சு போனா சர்க்கரைன்னு சொல்றதும் தப்பு, நல்ல தேனும் உறையும். இதுல 75 ரூபாய்க்காக யார் எடுத்ததுன்னே தெரியாத பாட்டிலை ஏன் எடுக்கணும், உங்களுக்கு மார்த்தாண்டம் எவ்வளவு தூரம்? ரப்பர் தோட்டத்துல பெட்டி வச்சு எடுக்கிற தேன், 2023ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு, தேனீ வளர்க்கிறவங்க கூட்டுறவு சங்கமே அங்க இருக்கு. சீசன் முடியுற நேரத்துல, மார்ச் ஏப்ரல் பக்கம், தெரிஞ்ச ஆள்கிட்ட இல்லைன்னா சங்கத்துல வாங்கி வைங்க. தேன் செலவு கொறையலைன்னாலும் பரவாயில்ல.

அப்புறம் அந்த 399. பில்லுல மூணுல ஒரு பங்கு அது ஒண்ணுதான். சாக்லேட் ஸ்ப்ரெட்ல பெரும்பாலும் முதல் ரெண்டு சாமான் சர்க்கரையும் பாம் ஆயிலும், கோகோவும் பருப்பும் அதுக்குப் பின்னாடிதான், கம்பெனி பிராண்டா இருந்தாலும் அப்படித்தான். புள்ளைங்க பிடிச்சுத் திங்குறதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரலை, கடை பிராண்டு பாட்டிலை ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னு வைங்க. 239ஐ ரெண்டால வகுத்தா மாசம் 120, அப்போ அது ஒண்ணுலயே 279 மிச்சம். ஜாம், சாஸ், மயோனைஸ், பீனட் பட்டர் நாலுலயும் சேர்த்து 205. மொத்தம் 484, தேனைத் தொடாமலே உங்க 440ஐ விட அதிகம்.

வாங்குறப்ப ரெண்டு மூணு விஷயம். மாசம் ஒரு சாமானா மாத்துங்க, அதுவும் சின்ன பாட்டில்ல, புள்ளைங்களுக்குப் பிடிக்கலைன்னா நஷ்டம் சின்னதாப் போகும். எம்ஆர்பி 199, எங்க விலை 119ன்னு எழுதியிருக்கிறதைப் பாத்து மயங்காதீங்க, எம்ஆர்பிங்கிறது உச்சவரம்பு மட்டும்தான், தள்ளுபடியைப் பெருசாக் காட்ட அதை ஏத்திப் போடவும் செய்வாங்க. ஒரு கிராம் எத்தனை ரூபான்னு பாக்கெட்லயே யூனிட் விலை போட்டிருக்கும், ஆனா அது எம்ஆர்பியை வச்சுப் போட்டது, அதனால தள்ளுபடி போக நீங்க குடுக்கிற விலையை எடையால வகுத்து ஒப்பிடுங்க, 350 கிராம் பாட்டிலும் 500 கிராம் பாட்டிலும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறப்ப கண்ணு ஏமாந்துடும். 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜாம், சாஸுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 ஆயிடுச்சு, நீங்க எழுதுன விலை அதுக்கு முன்னாடி உள்ள பில்லுல பாத்ததுன்னா இன்னொரு தடவை சரிபாத்துக்கோங்க. இன்னொண்ணு, விலை கொறஞ்சா வீட்ல கை தாராளமாகும், ஒரு மாசம் வந்த பாட்டில் மூணு வாரத்துல தீரும், மிச்சம்னு நெனச்சது அப்படியே காணாமப் போயிடும். திறந்த தேதியை மார்க்கர்ல மூடியில எழுதி வைங்க, தீர்ந்த அன்னைக்கு கணக்கு தன்னால தெரியும்.

இப்போ காசுக்கு வர்றேன். போஸ்ட் ஆபீஸ் அஞ்சு வருஷ ஆர்டி நல்ல திட்டம்தான், மாசம் 100 ரூபாயில இருந்தே போடலாம், 2023 அக்டோபர்ல வட்டியை 6.7 சதவீதம் ஆக்குனாங்க. அந்த வட்டிக்கு மாசம் 480 போட்டா அஞ்சு வருஷத்துல சுமார் 34,250 வரும். ஆனா நீங்க கட்டுற ஒன்றரை வட்டின்னா வருஷத்துக்கு 18 சதவீதம். 18க்குக் கடனை வச்சுக்கிட்டு 6.7க்கு சேமிக்கிறது எந்தக் கணக்குலயும் கட்டாது. அஞ்சு வருஷம் கழிச்சு ஆர்டியில 34,250 கையில வரும், அந்த அஞ்சு வருஷமும் வட்டியா 36,000 கட்டியிருப்பீங்க, அசல் 40,000 அப்படியே நிக்கும்.

அதே 480ஐ வட்டி 600கூட சேர்த்து மாசம் 1,080ஆ கட்டுனீங்கன்னா முதல் மாசமே அசல்ல 480 கொறையும், அடுத்த மாசம் வட்டி 593 ஆயிடும், அந்த ஏழு ரூபாயும் அசலுக்கே போகும். இப்படியே போனா 55 மாசத்துல, நாலரை வருஷத்தை ஒட்டி, கடன் தீர்ந்து நகை வீட்டுக்கு வந்துடும். நம்ம ஊர்ல ஆஸ்பத்திரி செலவுன்னாலும் ஸ்கூல் ஃபீஸுன்னாலும் அவசரத்துக்குக் கை கொடுக்கிறது நகைதான், அதனால அதைத் திருப்புறதும் சேமிப்புதான்.

இன்னும் ஒரு வேலை இருக்கு, ஜாம் சாஸ் எல்லாத்தையும் விட லாபமானது. உங்க பக்கத்துல இருக்கிற அரசு வங்கியிலயும் தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்துலயும் நகைக்கடன் வட்டி, மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் என்னன்னு விசாரிங்க. ஒரு வட்டிக்கு, அதாவது வருஷம் 12 சதவீதத்துக்கு மாத்த முடிஞ்சாக்கூட மாச வட்டி 600 இருந்த இடத்துல 400 ஆயிடும், ஒரே ஒரு தடவை அலைஞ்சா மாசம் 200. அதுக்கப்புறமும் 1,080 கட்டிட்டே வந்தா 47 மாசத்துல முடிஞ்சிடும். அதைவிடக் கொறஞ்ச வட்டி கெடைச்சா இன்னும் சீக்கிரம்.

கட்டப் போறப்ப ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. கவுண்டர்ல வட்டி எவ்வளவு, அசல்ல எவ்வளவுன்னு தெளிவா சொல்லிக் கட்டுங்க, ரசீதுல ரெண்டையும் தனித்தனியா எழுதி, பாக்கி அசல் எவ்வளவுன்னும் போட்டுத் தரச் சொல்லுங்க. சில இடத்துல கூடுதலாக் கட்டுனதை அடுத்த மாச வட்டியா வரவு வச்சுடுவாங்க, அப்படி வச்சிருந்தா அன்னைக்கே அங்கேயே நின்னு மாத்தி வாங்கிட்டு வாங்க.