கூரைத் தண்ணீருக்கு டிரம் போதுமா? சரிவில் வீடு கட்டியவர்களுக்கு

கேள்வி: கோத்தகிரி பக்கம், சரிவில் மண்ணை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய வீடு எங்களுடையது. 900 சதுர அடி, ஷீட் கூரை. வாசலைத் தாண்டினால் ஏழடி உயரக் கல் தடுப்புச்சுவர், அதற்குக் கீழே இன்னொரு வீடு. மழை வந்தால் எங்கள் கூரைத் தண்ணீர் முழுக்க வாசலில் ஓடி, கீழ்வீட்டு அண்ணன் முற்றத்தில் போய் விழுகிறது. 200 லிட்டர் டிரம் இரண்டு வைத்தால் தீர்ந்துவிடும் என்கிறார் என் கணவர். கோவையில் இருக்கும் கொழுந்தனார், வாசலிலேயே உறிஞ்சுகுழி வெட்டச் சொல்கிறார். எதைச் செய்வது? அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: டிரம் வையுங்கள். வாசலில் குழி வெட்டாதீர்கள். அதைவிட முக்கியமாக, டிரம் நிரம்பிய பிறகு தண்ணீர் எந்த வழியாக எங்கே போகும் என்பதை டிரம் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். மலையில் பாதி வேலை அதுதான்.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் கூரை ஏறக்குறைய 84 சதுர மீட்டர். அப்படியென்றால் ஒவ்வொரு மில்லிமீட்டர் மழைக்கும் 84 லிட்டர் இறங்குகிறது. தெறிப்பது, ஷீட்டில் ஒட்டி நிற்பது என்று கொஞ்சம் கழித்தாலும், இரண்டு டிரம்மும் ஐந்து, ஆறு மில்லிமீட்டரில் நிரம்பிவிடும். ஐப்பசி மழை ஒரு பாட்டம் அடித்தாலே அதற்கு மேல் வரும். 2009 நவம்பர் 10 அன்று ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மழை உங்கள் கூரையில் பெய்திருந்தால் 68,000 லிட்டருக்கு மேல். தண்ணீர் லாரிக் கணக்கில் ஐந்து லாரிக்கும் அதிகம், ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மட்டும். நீலகிரியில் 40-க்கும் மேற்பட்ட உயிர்களை மண்சரிவு கொண்டுபோன வாரம் அது.

அப்படியானால் டிரம் எதற்கு? சின்ன மழைகளுக்கு. வருடத்தில் பெரும்பாலான மழை நாட்கள் தூறலும் சாரலும்தான். அந்த நாட்களில் கீழ்வீட்டு முற்றத்துக்கு ஒரு சொட்டுகூடப் போகாமல் பிடித்துவிடலாம். பெரிய மழையில் முதல் வேகத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். இடம் இருந்தால் இரண்டுக்குப் பதில் நான்கு வைத்து, அடியில் பைப்பால் ஒன்றோடொன்று இணையுங்கள். 800 லிட்டர் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மழை. அதற்கு மேல் அடுக்கிக்கொண்டே போவதில் பயன் குறைவு. அந்தப் பணத்தை வடிகாலில் போடுங்கள்.

இப்போது உறிஞ்சுகுழி. கொழுந்தனார் சொல்வது கோவைக்குச் சரி. 2003-ல் தமிழகம் முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து, மழைத்தண்ணீரை வீட்டு வாசலிலேயே பூமிக்குள் இறக்க வேண்டும் என்பது எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. சமதரையில் நல்ல பழக்கம். ஆனால் ஏழடிச் சுவருக்கு மேலே, வெட்டிக் கொட்டிய மண்ணில் குழி எடுத்துத் தண்ணீரை இறக்கினால் அது நிலத்தடிக்குப் போகாது. சுவரின் முதுகுக்குத்தான் போகும். ஊறிய மண்ணின் எடை கூடும், துகள்களுக்கு நடுவே தண்ணீரின் அழுத்தம் ஏறி ஒன்றோடொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். அந்தச் சுவருக்குப் பின்னால் மேல்வரை தண்ணீர் தேங்கினால், அடியில் தண்ணீரால் மட்டும் சதுர மீட்டருக்கு இரண்டு டன் அழுத்தம் வரும். கல் சுவர்கள் பெரும்பாலும் அதைத் தாங்கும்படி கட்டப்படுவதில்லை. கீழே ஒரு குடும்பம் தூங்குகிறது. ஆகவே இந்த இடத்தில் குழி கூடவே கூடாது. கூரைத் தண்ணீரைக் கழிவறைத் தொட்டியிலோ அதன் உறிஞ்சுகுழியிலோ சேர்த்துவிடுவதும் இதே ஆபத்துதான். மலையில் பல வீடுகளில் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

சரி, டிரம்மை எங்கே வைப்பது? தடுப்புச்சுவர் ஓரத்தில் வேண்டவே வேண்டாம். இடம் மிச்சமாகும் என்று பலரும் அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறார்கள். நிறைந்த டிரம் ஒன்று 200 கிலோ, நான்கு சேர்ந்தால் 800. அந்தப் பாரமும் சுவரைத்தான் தள்ளும். வீட்டுச் சுவரை ஒட்டி, தடுப்புச்சுவரிலிருந்து குறைந்தது அதன் உயரம் அளவுக்காவது தள்ளி வையுங்கள். தரையைச் சமமாக்கி, கான்கிரீட் பூசி, அதன்மேல் சாலிட் பிளாக் அடுக்கி ஒன்றரை அடி உயர்த்தினால் குழாய்க்கு அடியில் வாளி நிற்கும். இரும்புப் பட்டை போட்டு வீட்டுச் சுவரோடு கட்டிவிடுங்கள். பழைய நீல டிரம் வாங்கும்போது முன்னால் அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிமருந்தோ தோட்டத்து ரசாயனமோ இருந்தது என்றால், எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

கூரை விளிம்பில் தகர வாய்க்கால் போட்டு, பைப் இறங்கும் வாயில் கம்பிவலை வையுங்கள். சில்வர் ஓக், கற்பூர மர இலைகள் ஒரு காற்றில் வந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் பழையபடி வாசலில்தான் கொட்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கை விட்டு எடுங்கள். டிரம்முக்கு மூடியும், கொசு நுழையாத மெல்லிய வலையும் அவசியம். மூடியைத் திருகியோ கொக்கி போட்டோ பூட்டுங்கள். குரங்கு திறக்கும், காட்டெருமை முட்டிப் பார்க்கும், சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். கடைசியதுதான் எனக்குப் பெரிய பயம்.

அடுத்து, நிரம்பி வழியும் பைப். பெரும்பாலும் இதில்தான் வேலை கெடுகிறது. மேலிருந்து 75 மில்லிமீட்டர் பைப்பில் தண்ணீர் வரும். வெளியே போக அரை அங்குலக் குழாய் வைத்திருப்பார்கள். பெருமழையில் டிரம் பொங்கி, அதன் அடியிலேயே மண்ணை அரிக்கும். உள்ளே வரும் பைப் எந்த அளவோ, வெளியே போவதும் அதற்குக் குறையக் கூடாது. கூரையின் இரண்டு பக்கத் தண்ணீரும் சேரும் இடத்திலிருந்து 110 மில்லிமீட்டர் போடுங்கள். அந்தப் பைப்பை வாசலின் குறுக்கே கொண்டுபோய், தடுப்புச்சுவரின் முகத்தில் கிளாம்ப் அடித்து இறக்கி, கீழே ஓடும் ஓடை அல்லது சாலை வடிகால் வரைக்கும் சேர்க்க வேண்டும். பாதியில் விட்டால் பிரச்சினையைப் பக்கத்து இடத்துக்கு மாற்றியதாகத்தான் ஆகும். தண்ணீர் விழும் இடத்தில் பெரிய கற்களைப் பரப்பினால் வேகம் உடையும், மண் அரிக்காது.

இதற்குக் கீழ்வீட்டு அண்ணன் சம்மதம் வேண்டும். பைப் அவர் எல்லையைத் தொட்டுத்தான் போகும். அவரை அழைத்து, கணக்கைக் காட்டி, பைப் போகும் வழியைச் சேர்ந்தே தீர்மானியுங்கள். இத்தனை நாள் முற்றத்தில் தண்ணீர் வாங்கியவர், மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை. வடிகாலே இல்லாத பகுதி என்றால் ஊராட்சியில் எழுத்தில் கேளுங்கள்.

டிரம்மை எப்படிப் பயன்படுத்துவது என்பது பருவத்தைப் பொறுத்தது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெரிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மாதங்களில் நிறைந்த டிரம்மால் அடுத்த மழைக்கு உதவி இல்லை. ஒரு மழை விட்டதும் குழாயை லேசாகத் திறந்து, ஒரு ஹோஸ் வழியாக அதே வடிகால் பைப்பில் மெல்ல வடியவிடுங்கள், மறுநாளைக்குள் காலியாகட்டும். வாசல் மண்ணில் திறந்துவிடாதீர்கள். டிசம்பர் கடைசியில் வரும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டால் தை, மாசி வறட்சியில் செடிக்கு ஆகும். கூடலூர், பந்தலூர் பக்கம் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: உங்களுக்கு ஜூனிலிருந்து நாள்கணக்கில் விடாமல் பெய்யும். டிரம் முதல் நாளே நிறைந்து அப்படியே நிற்கும். நீங்கள் முதலில் வடிகாலைப் போடுங்கள், டிரம்மை அப்புறம் பார்க்கலாம்.

குடிக்கலாமா என்றால், வேண்டாம். கூரையில் பறவை எச்சம், புகைக்கரி, துரு எல்லாம் இருக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் சமைக்கவும் எடுக்காதீர்கள், அதைத் தேய்த்துக் கழுவவும் ஏறாதீர்கள். கழிவறை, வாசல், துணி அலசல், பூச்செடி இவற்றுக்குத் தாராளமாகப் புழங்கலாம்.

இந்த வேலையைத் தொடங்கும் முன் தடுப்புச்சுவரை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகள் மண்ணடைத்துக் கிடந்தால் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். துளையே இல்லை என்றால் அனுபவமுள்ள பொறியாளரை அழைத்துக் காட்டிப் போடச் சொல்லுங்கள், கொத்தனாரை வைத்துத் தோராயமாகத் துளைக்க வேண்டாம். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, வாசல் தரையில் சுவருக்கு இணையாக நீளமாக விரிசல் விட்டிருந்தாலோ, துளைகளில் திடீரென்று சேற்றுத் தண்ணீர் வந்தாலோ, டிரம்மைப் பற்றி யோசிக்கும் நேரமில்லை. மழை நேரமென்றால் இரண்டு வீட்டாரும் உடனே வெளியேறிவிட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் சொல்லுங்கள்.