மாலை என்பது பொழுதா, பூவா?

கேள்வி: ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருந்தால், இயந்திர மொழிபெயர்ப்பு சரியான பொருளை எப்படிக் கண்டுகொள்கிறது? அதை நம்பலாமா?

பதில்: பக்கத்துச் சொற்களைக் கொண்டுதான். ‘ஆறு பெருக்கெடுத்தது’ என்றால் நதி என்றும், ‘ஆறு பேர் வந்தார்கள்’ என்றால் எண் என்றும் பெரும்பாலும் சரியாகவே கொள்ளும். 2017-இல் அறிமுகமான டிரான்ஸ்ஃபார்மர் என்னும் செயற்கை நுண்ணறிவு அமைப்பு, வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் மற்றச் சொற்களோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதால், பழைய முறைகளைவிட இதில் வெகுவாகத் தேறியிருக்கிறது.

துப்பு வாக்கியத்துக்கு வெளியே இருந்தால்தான் சிக்கல். ‘பெட்டி பென்னுக்குள் இருந்தது’ என்னும் பொருளுடைய ஆங்கில வாக்கியத்தை 1960-இல் எடுத்துக்காட்டிய இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வாளர் யெஹோஷுவா பார்-ஹில்லெல், அந்தப் ‘பென்’ எழுதுகோல் அல்ல, குழந்தை விளையாடும் தடுப்புக்கூண்டு என்று உணர உலக அறிவு வேண்டும் என்று வாதிட்டார். ‘மாலை வந்துவிட்டது’ என்று ஒரு வரியை மட்டும் கொடுத்தால், பொழுதா பூமாலையா என்று மனிதரும் தடுமாறுவார். ஆனால் அவர் திருப்பிக் கேட்பார். இயந்திரமோ பெரும்பாலும் கேட்காமலே பரவலான பொருளை எழுதிவிடும். இந்தத் தயக்கமின்மைதான் எனக்குக் கவலை தருகிறது. ஆகவே, மருத்துவக் குறிப்பையோ ஒப்பந்தத்தையோ வரிவரியாக வெட்டிக் கொடுக்காமல் முழுப் பத்தியாகக் கொடுங்கள். வந்ததை இரு மொழியும் அறிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே பயன்படுத்துங்கள்.