1972-ன் கிறிஸ்துமஸ் படத்துக்கு ‘எச்.டி’ கிடையாது: டிவி படத்தைத் தேடி வாங்கும் வழி

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். அங்கே எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, டிசம்பர் பிறந்தாலே ஒரு படத்தைப் பற்றியே பேசுவார். மூக்குக்கண்ணாடி போட்ட சிறுமி, ஒரு பாட்டி, வீட்டில் கிறிஸ்துமஸ் மரமே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் அப்பா. டிவியில் பார்த்தாராம், பெயர் நினைவில்லை. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எதிலும் அகப்படவில்லை. யூடியூபில் அதுபோல ஒன்று மங்கலாக இருக்கிறது. ‘தி ஹவுஸ் வித்தவுட் எ கிறிஸ்துமஸ் ட்ரீ’ என்று போட்டிருக்கிறார்கள். அதே பெயரில் ஒருவர் ‘புளூரே, முழு எச்.டி’ என்று 45 டாலருக்கு விற்கிறார். அந்தப் படம் இதுதானா? வாங்கலாமா?

பதில்: படம் அதுதான் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த புளூரேயை வாங்காதீர்கள். விலைக்காகச் சொல்லவில்லை. இந்தப் படத்துக்கு உண்மையான எச்.டி பிரதி இருக்கவே முடியாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், முதலில் படம் இதுதானா என்பதை உறுதி செய்துகொள்வோம்.

இது 1972 டிசம்பரில் அமெரிக்காவின் சி.பி.எஸ் டிவி நிறுவனம் ஒளிபரப்பியது. கதை நடப்பது 1946-ல், நெப்ராஸ்காவில் கிளியர் ரிவர் என்ற சிற்றூரில். பத்து வயது ஆடி மில்ஸாக லிசா லூகாஸ், அப்பாவாக ஜேசன் ரோபார்ட்ஸ், பாட்டியாக மில்ட்ரெட் நாட்விக். ஆடி கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துபோனார். அதிலிருந்து அந்த வீட்டில் மரம் வைப்பதில்லை. காரணத்தை அப்பா வாய்விட்டுச் சொல்லமாட்டார். பாட்டிக்குத் தெரியும், பார்க்கிற நமக்கும் மெல்லப் புரியும்.

அந்த அம்மாவிடம் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். வகுப்பறையில் ஒரு போட்டி வருமா? விடுமுறைக்கு முன் வகுப்பு மரத்தை யார் வீட்டுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய, டீச்சர் ஓர் எண்ணை மனதில் நினைத்துக்கொண்டு ஊகிக்கச் சொல்வார். ஆடி ஜெயித்து, அந்த மரத்தை வீட்டுக்குக் கொண்டுவருவாள். அப்பா அதைப் பார்க்கிற இடம்தான் படத்தின் உயிர். ரோபார்ட்ஸ் அங்கே நல்லவராகவும் நடிக்கவில்லை, கெட்டவராகவும் நடிக்கவில்லை. புண்ணைத் தொட்டுவிட்டால் மனிதர் எப்படிச் சீறுவாரோ அப்படிச் சீறுவார். பிறகு ஆடி அந்த மரத்தை வசதியில்லாத இன்னொரு சிறுமியின் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவாள். இதற்குமேல் சொன்னால் நீங்கள் பார்க்கும்போது ருசிக்காது.

இரண்டாவது கேள்வி, காட்சிகள் மாறும்போது காகிதம் வெட்டி ஒட்டிய ஓவியம் போல ஏதாவது வந்ததா என்பது. ஆடி ஓவியர் ஆக ஆசைப்படும் பெண் என்பதால் அப்படி ஒரு உத்தியை வைத்திருக்கிறார்கள். கதையை மறந்தவர்களுக்குக்கூட இது நினைவிருக்கும்.

குதிரை ஒன்று வந்தது, தனியாக வாழும் கிழவர் ஒருவர் வந்தார் என்று அவர் சொன்னால் அது இதன் தொடர்ச்சி. ஆடியை வைத்து மேலும் மூன்று படங்கள் வந்தன: ‘தி தேங்ஸ்கிவிங் ட்ரெஷர்’ 1973-ல், ஈஸ்டரை ஒட்டிய ஒன்று 1975-ல், காதலர் தினத்தை ஒட்டிய ஒன்று 1976-ல். இதில் முதலாவதைத் தேடுகிறவர்கள் ‘தி ஹாலிடே ட்ரெஷர்’ என்ற பெயரையும் போட்டுத் தேட வேண்டும். வீடியோவாக விற்றபோது அந்தப் பெயரும் இருந்தது. டிவி படங்களில் இது அடிக்கடி நடக்கும். ஒளிபரப்பியபோது ஒரு பெயர், அட்டைப்பெட்டியில் இன்னொரு பெயர். கிடைக்கவே இல்லை என்று கைவிட்ட படங்களில் பாதி இப்படிப் பெயர் மாறிக் கிடப்பவைதான்.

இன்னொன்று. நெப்ராஸ்கா என்று சொல்லிவிட்டு வெளிப்புறக் காட்சிகளை உங்கள் பக்கத்து ஊரில்தான் எடுத்தார்கள், ஸ்காபரோவுக்கு வடக்கே அக்ஸ்பிரிட்ஜில். அந்த அம்மா ஒன்டாரியோவில் வளர்ந்தவர் என்றால் படத்தில் வரும் தெருவே அவருக்குத் தெரிந்த தெருவாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த எச்.டி விஷயம். அக்காலத்து டிவி படங்களில் இரண்டு வகை உண்டு. சில படங்களை சினிமா போல ஃபிலிமில் எடுத்தார்கள். நெகட்டிவ் பத்திரமாக இருந்தால் அதை இன்று மறுபடி ஸ்கேன் செய்து புளூரே தரத்துக்குக் கொண்டுவர முடியும். ஆனால் இந்தப் படத்தை வீடியோ டேப்பில் எடுத்தார்கள். வட அமெரிக்க டிவி அப்போது ஒரு படத்தை 525 கிடைக்கோடுகளாக, அதாவது 525 வரியாக, காட்டும் முறையில் இயங்கியது. அதில் கண்ணுக்குத் தெரிவது சுமார் 480 வரி. புளூரே என்பது 1080 வரி. டேப்பில் பதிவானதே 480 வரி என்றால் மீதியை எங்கிருந்து எடுப்பது? பழைய ‘நாடகத் தொடர்’ போன்ற ஒரு தோற்றமும், விளக்கொளி பட்ட இடங்களில் லேசான பிசிறலும் இந்தப் படத்தின் பிறவிக் குணம். யூடியூப் பிரதி அதைவிடவும் மங்கலாக இருப்பது நிஜம்தான், அதற்குக் காரணம் யாரோ வீட்டில் வி.சி.ஆரில் பதிவு செய்ததைப் பல தடவை நகலெடுத்து ஏற்றியிருப்பார்கள் என்பதுதான்.

அப்படியானால் 45 டாலர் வட்டில் என்ன இருக்கும்? பெரும்பாலும் டிவிடியையோ யூடியூப் பிரதியையோ மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கி, வெற்று வட்டில் பதிவு செய்தது (இதை ‘எரிப்பது’ என்பார்கள்). மாதிரிப் படம் போட்டிருந்தால் ஆடியின் மூக்குக்கண்ணாடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிரேமின் ஓரம் நெளிந்திருக்கும், ஒரு பக்கம் தடித்தும் இன்னொரு பக்கம் தோலோடு கரைந்தும் இருக்கும். பாட்டியின் முகச் சுருக்கமெல்லாம் மறைந்து மெழுகு பொம்மை போல வழவழவென்று ஆகியிருக்கும். நாட்விக்கின் முகத்தை இப்படி இஸ்திரி போட்டுப் பார்ப்பதற்கு மங்கலாகவே பார்த்துவிடலாம்.

நீங்கள் தேட வேண்டியது 2007-ல் பாரமவுண்ட் வெளியிட்ட டிவிடி. இன்றைக்குப் பழைய பொருள் விற்கிற தளங்களில்தான் கிடைக்கும். அங்கே வாங்கும்போது வட்டின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் அச்சிட்ட வட்டு வெள்ளி நிறமாக இருக்கும். வீட்டில் எரித்தது ஊதாவாகவோ பச்சை கலந்த நீலமாகவோ தெரியும். இதை எல்லாப் படங்களுக்கும் விதியாக வைத்துக்கொள்ளக் கூடாது. வார்னர் ஆர்க்கைவ் போன்ற நிறுவனங்கள் ஆர்டர் வந்தபின் ஒவ்வொன்றாக எரித்து விற்ற முறையான வட்டுகளும் ஊதாவாகத்தான் இருந்தன. இந்தப் படத்துக்கு வெள்ளிதான் சரி.

வாங்கும் நேரமும் முக்கியம். கிறிஸ்துமஸ் படங்களைத் தேடுகிற கூட்டம் அக்டோபரிலிருந்தே சேரத் தொடங்கும், விலையும் ஏறும். பிப்ரவரி, மார்ச்சில் அதே வட்டைச் சீண்ட ஆள் இருக்காது. உங்களுக்கு இந்த டிசம்பரே வேண்டும் என்பதால் கடைக்குப் போகும் முன் நூலகத்தைப் பாருங்கள். டொரன்டோ பொது நூலகம் டிவிடிகளை இரவல் தருகிறது. அவர்களிடம் இல்லை என்றால் வேர்ல்ட்கேட் தளத்தில் தேடி எந்த நூலகத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, நூலகங்களுக்கிடையேயான இரவலாக வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். எல்லா நூலகமும் டிவிடியை வெளியே அனுப்பாது, அதனால் இன்றே கேட்பது நல்லது. தேடும்போது படத்தின் பெயரோடு 1972 என்ற ஆண்டையும் ரோபார்ட்ஸ் பெயரையும் சேருங்கள். கெயில் ராக் எழுதிய இதே பெயருள்ள சிறுவர் நாவலும் உண்டு. நூலகப் பட்டியலில் அதுதான் முதலில் வந்து நிற்கும்.

வி.எச்.எஸ் கேசட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பூஞ்சை பிடித்த டேப் ஒரே ஓட்டத்தில் பிளேயரையும் கெடுத்துவிடும். அந்தப் பிளேயரையே 2016-க்குப் பிறகு யாரும் புதிதாகத் தயாரிக்கவில்லை.

நெட்ஃபிளிக்ஸில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 1972-ல் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு வீட்டில் வைத்துப் பார்க்கிற வீடியோ என்பதே கற்பனையில் இல்லை. சோனியின் பீட்டாமேக்ஸே 1975-ல்தான் வந்தது. ஆகவே அந்தக் காலத்து டிவி படங்களில் எழுத்து, இசை, நடிப்பு ஒவ்வொன்றின் உரிமையையும் மறுபடி பேசி வாங்க வேண்டிய நிலை வரும். விளம்பரத்தோடு ஒன்றரை மணி நேரத்துக்கு என்று எடுத்த ஒரு சிறிய படத்துக்காக அந்த வேலையில் யாரும் இறங்கமாட்டார்கள். அப்போது வீடியோ டேப் விலை அதிகம் என்பதால் எத்தனையோ நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறொன்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். இது தப்பித்ததே பெரிய விஷயம்.

சரி, வட்டு கைக்கு வந்துவிட்டது. டிவியில் படத்தின் அளவை 4:3 என்றோ ‘ஒரிஜினல்’ என்றோ மாற்றுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மூலம் போட்டால், ஆட்கள் அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியலாம். வட்டில் குறை இல்லை. வீடியோ மெனுவில் ‘டீஇன்டர்லேஸ்’ என்பதை இயக்கி, முறையில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுங்கள். அந்த அம்மாவுக்குக் காது மந்தம் என்றால் வசன வரிகள் தேவைப்படும். பழைய டிவிடிகளில் அவை ‘சி.சி’ வகையாக, அதாவது டிவியே பிரித்துக் காட்ட வேண்டிய வசன வரிகளாக, இருந்தால் எச்.டி.எம்.ஐ கேபிள் வழியாக டிவிக்கு வராது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள பழைய கேபிளைச் செருகி டிவியின் சி.சி-யை இயக்கினால் வரும்.

இதே படத்தை இந்தியாவிலோ இலங்கையிலோ வைத்துப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிவிடிகளை உலகின் பகுதிவாரியாக ‘மண்டலம்’ என்று பிரித்துப் பூட்டியிருப்பார்கள். அது அமெரிக்க, கனடா மண்டலமான 1-க்கு உரிய வட்டு. நம் பக்கம் மண்டலம் 5. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் வேண்டும். கம்ப்யூட்டர் டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும்.

ஒருவேளை நான் கேட்கச் சொன்ன கேள்விகளுக்கு அந்த அம்மா இல்லை என்று சொல்லிவிட்டார் என்றால் இரண்டு படங்களை முயன்று பாருங்கள். பனியில் அப்பா வீடு திரும்பக் காத்திருக்கும் பெரிய குடும்பம் என்றால் 1971-ல் வந்த ‘தி ஹோம்கமிங்’. ‘தி வால்டன்ஸ்’ தொடர் அதிலிருந்துதான் பிறந்தது; கிடைப்பதும் எளிது. ஒரு சிறுவனும் வயதான உறவுக்காரப் பெண்ணும் சேர்ந்து பழக் கேக் செய்வது என்றால் 1966-ல் வந்த ‘எ கிறிஸ்துமஸ் மெமரி’. ட்ரூமன் கபோட் கதை, ஜெரால்டின் பேஜ் நடித்தது. அதன் திரைக்கதையில் பங்குகொண்ட எலினோர் பெர்ரிதான் ஆறு ஆண்டு கழித்து ஆடி படத்தின் திரைக்கதையையும் எழுதினார். இரண்டுக்கும் எம்மி விருது வாங்கினார். என் கணக்கில் இரண்டில் ‘எ கிறிஸ்துமஸ் மெமரி’யே ஒரு படி மேல், ஆனால் அழவைத்துவிடும். தனியாக இருக்கும் முதியவருக்குப் போடுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் வேலையைப் பற்றியது. அந்த அம்மாவின் அறையில் அவருக்கு மட்டும் போட்டுக் காட்டுவது வேறு, பொதுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் போடுவது வேறு. கூடத்தில் போடுவதற்குப் பொதுத் திரையிடல் உரிமம் கேட்பார்கள். கனடாவில் ஆடியோ சினே ஃபிலிம்ஸ், கிரைடீரியன் பிக்சர்ஸ் என்ற இரு நிறுவனங்கள் அந்த உரிமங்களைத் தருகின்றன. உங்கள் இல்லம் ஏற்கெனவே ஆண்டு உரிமம் வாங்கியிருக்கக்கூடும், நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் கேட்டால் தெரிந்துவிடும். வாங்கியிருந்தாலும் இந்தப் படம் அதில் அடங்குமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.